மாளிகை அருங்காட்சியகத்தில் ஒரு வேளை: பாரிஸா, லண்டனா, நியூயார்க்கா?

பழைய மாளிகையை அருங்காட்சியகமாக்கிவிட்டு, உள்ளே உணவகமும் திறக்கிறார்கள் என்றால் நான் முதலில் பார்ப்பது மெனுவை அல்ல. மேசை போட்டிருக்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதைத்தான். பெயர்பெற்ற மூன்று இடங்களை அந்தக் கண்ணோடு பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

பாரிஸில் ழாக்மார்-ஆந்த்ரே அருங்காட்சியகம். வங்கிக் குடும்பத்தில் பிறந்த எதுவார் ஆந்த்ரேவும் ஓவியரான அவர் மனைவி நெலி ழாக்மாரும் கலைப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்து வாழ்ந்த வீடு. நெலி 1912-இல் இறந்தபோது எல்லாவற்றையும் பிரான்ஸின் கலை, அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பான ‘அன்ஸ்தித்யூ த பிரான்ஸ்’ பெயருக்கு எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உணவகம் இருப்பது அந்தத் தம்பதி விருந்தினரை உட்காரவைத்துப் பரிமாறிய அதே சாப்பாட்டு அறையில்.

அந்த அறையின் மேற்கூரையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வெனிஸ் ஓவியர் தியெபோலோ ஒரு இத்தாலிய மாளிகைக்காகத் தீட்டியதை, 1893-இல் வாங்கிப் பெயர்த்துக் கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். மாடத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி சிலர் கீழே எட்டிப் பார்க்கிறார்கள். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றியின் வருகையை வேடிக்கை பார்க்க வந்தவர்களாக வரையப்பட்டவர்கள். இப்போது அவர்கள் பார்வை விழுவது நம் தட்டில். நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நாற்காலியில் சாய்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய ஓவியம் இது. இங்கே சாப்பிடுவதும் அருங்காட்சியகத்தைப் பார்ப்பதன் ஒரு பகுதிதான்.

இதில் ஆபத்தும் உண்டு. சிந்திய துணுக்கு பூச்சியைக் கூட்டிவரும், பூச்சி கம்பளியையும் மரத்தையும் அரிக்கும். ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஓவியத்தில் படியும். அதே அறைச் சுவர்களில் பிரஸ்ஸல்ஸ் நெசவுச் சித்திரத் திரைகள் வேறு தொங்குகின்றன. சாலட், கேக், தேநீர் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே அந்த அறைக்குச் செய்யும் மரியாதை.

இந்தக் கவலை லண்டனில் குறைவு. மான்செஸ்டர் சதுக்கத்து ஹெர்ட்ஃபோர்டு இல்லத்தில் இருக்கும் கலை அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷனில், திறந்தவெளியாக இருந்த நடுமுற்றத்துக்கு 2000-ஆம் ஆண்டில் கண்ணாடிக் கூரை போட்டு உணவகத்துக்கு இடம் கண்டார்கள். கலைக்கூடங்கள் சுற்றிலும் தனியாக நிற்கின்றன. நல்ல வெளிச்சம், குழந்தைகளோடு, பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நெருக்கடி இல்லாத இடம். நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணமும் கிடையாது. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அந்த வீட்டில் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்ற நினைப்பே வருவதில்லை. அழகான முற்றம், அவ்வளவுதான்.

நியூயார்க்கின் நொய்யே கேலரி விஷயம் வேறு. ஐந்தாம் அவென்யூவில் 1914-இல் முடிந்த செல்வந்தர் வீடு. பிற்பாடு வாண்டர்பில்ட் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் வாழ்ந்தது. 2001-இல் ஆஸ்திரிய, ஜெர்மானியக் கலைக்கான அருங்காட்சியகமானபோது, தரைத்தளத்தில் வியன்னா காபிக் கடை ஒன்றை அப்படியே எழுப்பிவிட்டார்கள்: கஃபே சபார்ஸ்கி. வீட்டுக்கும் வியன்னாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சேகரிப்புக்கும் வியன்னாவுக்கும் உறவு உண்டு, அதுவே போதும் என்று துணிந்திருக்கிறார்கள். வியன்னாவின் கட்டடக் கலைஞர்களான ஹோஃப்மன் வடிவமைத்த விளக்குகள், லோஸ் வடிவமைத்த இருக்கைகள். ஹோஃப்மனின் அலங்கார மோகத்தை லோஸ் கடுமையாகச் சாடியவர். இருவர் கைவண்ணமும் இங்கே ஒரே அறையில் சேர்ந்திருக்கிறது! சாக்லேட் கேக்கான சாக்கர்டோர்ட்டே சாப்பிட்டுவிட்டு மாடியேறினால், வியன்னா ஓவியர் கிளிம்ட் 1907-இல் பொன்னிழைத்துத் தீட்டிய, அவ்வூர்ச் சீமாட்டி அடேலே புளோக்-பாயரின் உருவ ஓவியம். அந்தப் பெண்மணி வாழ்ந்த ஊரின் சூழல் ஏற்கெனவே நமக்குள் இறங்கியிருக்கும்.

சாப்பாட்டின் ருசியை மட்டும் கேட்டால் நியூயார்க் கேக்குகளுக்கே என் ஓட்டு, வாசலில் வரிசை நின்றாலும் சரி. கலைப்பொருளின் பாதுகாப்பு என்று வந்தால் லண்டன். ஆனாலும் மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பாரிஸுக்குத்தான் போகச் சொல்வேன். விருந்துக்கென்றே கட்டிய அறையைக் கயிறு கட்டி மறித்து வெறும் காட்சிப்பொருளாக்காமல், இன்றும் அங்கே ஆட்களை உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். மற்ற அறைகளை முதலில் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியக் கூட்டம் கலைந்தபின் போய் உட்காருங்கள்.