திருகோணமலை உப்புவெளியில் ஏழு வீட்டு வளவு: 14 மாதம் குடியிருந்த அனுபவம்

ஒரே வளவுக்குள் ஏழு வீடு. ஒரு கிணறு, ஒரு மோட்டர், ஒரு கேற். பின்னால் முருங்கைக்குக் கீழே மீன் வெட்ட ஒரு சீமெந்துத் திட்டு. வாடகை 22,000 ரூபா, பொதுக்காசு மாதம் 1,500. நானும் அம்மாவும் இங்கே வந்து 14 மாதமாகிறது. அறைகள் சின்னவை, குசினியில் வெளிச்சம் குறைவு, கடற்காற்று நன்றாக வரும். வீட்டைப் பற்றி அவ்வளவுதான். இங்கே ஒழுங்குகளை நடத்துகிற விதத்தைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முன்பு இருந்த இடம் நகரப் பக்கம் ஒரு மாடிக் கட்டிடம். படிக்கட்டில் 19 விதிகள் எழுதிய பலகை தொங்கியது. மாதக்கணக்கில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். திடீரென்று ஒருநாள், பையனின் சைக்கிள் படியில் நின்றதற்காக ஒரு குடும்பத்தை ஒரு கிழமைக்குள் எழும்பச் சொன்னார்கள். அதே படிக்கு முன்னால் உரிமையாளரின் சொந்தக்காரர் கார் நாள் முழுக்க நிற்கும். அந்தப் பிள்ளை சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இந்த வளவின் உரிமையாளர் ஐயா டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே 1972-இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே சில குடும்பங்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்து, பொது மண்டபத்தோடு சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். அதுபோன்ற ஒரு குடியிருப்பை நேரில் பார்த்த ஆசையில்தான் இதைக் கட்டினாராம். கரைவலைக்காரர் முறைவைத்து வலை வளைப்பதுபோல, இங்கே மாதம் ஒரு வீடு பொறுப்பெடுக்கும். விதிகள் ஒன்பதுதான். தமிழிலும் சிங்களத்திலும் வளவின் பொதுக் கொப்பியில் முதல் பக்கத்தில் இருக்கின்றன.

வந்த இரண்டாம் மாதம் நான் மோட்டரை நிற்பாட்ட மறந்து பள்ளிக்கூடம் போய்விட்டேன். தாங்கி நிரம்பி, முற்றமெல்லாம் தண்ணீர். கச்சான் காற்றுக் காலம், கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது. பின்னேரம் அந்த மாதப் பொறுப்பான நஸீமா ராத்தா எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார். "பிள்ளை, காலையில அவசரமா போனீங்களோ?" என்றுதான் தொடங்கினார். முதல் தடவை வாய்ச்சொல், இரண்டாம் தடவை கொப்பியில் பெயர், மூன்றாம் தடவை 500 ரூபாவும் ஒரு கிழமை கிணற்றடி கூட்டுவதும் என்று விளங்கப்படுத்திவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நாலு பேருக்கு முன்னால் வைத்து என்னைக் குறுக வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் மறக்கவே இல்லை.

உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பொதுச்சொத்தை நெடுங்காலம் காப்பாற்றிய சமூகங்களை ஆராய்ந்து சொன்னதில் இரண்டு விடயம் இங்கே அப்படியே நடக்கிறது. கண்காணிப்பவர் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒருவராக இருக்கிறார். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடுகிறது. வகுப்பில் இதை விளக்கும்போது இப்போது கிணற்றடியைத்தான் உதாரணம் சொல்கிறேன்.

எனக்கு முழு நம்பிக்கை வந்தது ஐயாவின் மகன் விடயத்தில். மகன் தன் வான் வண்டியை மூன்று தடவை கேற்றுக்குக் குறுக்கே விட்டார். கொப்பியில் அவர் பெயரும் ஏறியது, 500 ரூபாவும் கட்டினார், ஏழு நாளும் விடியக் கிணற்றடி கூட்டினார். ஐயா ஒரு சொல்லும் தடுத்துச் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. இரவு ஒன்பதரைக்குப் பிறகு விருந்தாளி வரக்கூடாது என்ற விதி சிவராத்திரிக்கு எங்களை வருத்தியது. சம்பூரிலிருந்து கோணேசர் கோயிலுக்கு வந்த சித்தி குடும்பத்தை வீட்டில் தங்க வைக்க முடியவில்லை. போயா (பௌர்ணமி) நாளில் நடக்கும் வளவுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். முன்கூட்டியே பொறுப்பானவரிடம் சொன்னால் போதும் என்று மாற்றினார்கள். ஆனால் அதற்குள் சித்தி லொட்ஜில் காசு கொடுத்துத் தங்கிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்று பெரியது. நாங்கள் எல்லோரும் வாடகைக்காரர். யாரை வைப்பது, யாரை எழுப்புவது என்ற கடைசி முடிவு ஐயாவின் கையில்தான். அவர் நல்லவர், சரி. அவருக்குப் பிறகு என்ன? எழும்பச் சொல்வதற்கும் கூட்டத்தின் சம்மதம் வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, விடமாட்டேன்.

மாரி மழைக்குப் பிறகு சனிக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து வளவு துப்புரவாக்க வேண்டும். 2017-இல் கிண்ணியாவை டெங்கு என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவர்கள் இதில் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இப்போது கேற்றடி வீடு காலியாக இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் முற்பணம் கொடுக்குமுன் ஒரு போயா நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து கூட்டத்தில் இருந்து பாருங்கள். கொப்பியையும் கேளுங்கள், தருவார்கள்.