வீட்டில் கேர்கிவரா, ஃப்ரெயில் கேர் ஹோமா? ராத்திரிக் கணக்கைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டி இந்தியர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வர்த்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். "அக்கா, ஆயாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு மாசமாச்சு. வீட்டுலயே ஆள் வைக்கலாமா, ஹோம்ல விடலாமா?" இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஹோம் என்றால் ஃப்ரெயில் கேர் ஹோம், தானே எதுவும் செய்ய முடியாத முதியவர்களை ராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் இல்லம். டர்பனில் முதியோர் இல்லங்களில் பத்தொன்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். என் மாமியாரை இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்துக்கொண்டவள். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

ஆயா எழுந்து நடமாடுகிறார், தானே சாப்பிடுகிறார், ராத்திரி தூங்குகிறார் என்றால் வீடுதான் நல்லது. பகலில் துணைக்கு ஒரு கேர்கிவர் போதும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

படுக்கையோடு படுக்கையாகிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டப்படி வழக்கமான வேலை நேரம். ஒரு வாரத்துக்கு 168 மணி. மீதி 123 மணியை யார் பார்ப்பது? கூடவே தங்கும் கேர்கிவர் என்றாலும் அவரும் தூங்க வேண்டும். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணி நேரத்துக்கு 28.79 ராண்டாக இருந்தது. அந்தக் கணக்கில் 45 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1,296 ராண்ட், அதுவும் ஒரே ஒருவருக்கு. முழு வாரத்தையும் கூலிக்கு ஆள் வைத்தே நிரப்ப வேண்டுமானால் நான்கு பேர் தேவை. யாரும் நான்கு பேர் வைப்பதில்லை. அந்த 123 மணியும் மகள் தலையிலோ மருமகள் தலையிலோதான் விழுகிறது.

எங்கள் வீட்டில் அது என் தலையில் விழுந்தது. மாமியாருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க ஏர் மெத்தை வாங்கியிருந்தோம், பம்ப் வைத்துக் காற்று ஏற்றுவது. 2023-ல் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, ஆறாம் கட்டத்துக்குப் போனபோது ஒரு நாள் நடு ராத்திரி கரண்ட் நின்றது. பம்ப் சத்தம் அடங்கியது எனக்குக் கேட்கவில்லை, அப்படி ஒரு அசதி. விழித்துப் பார்த்தபோது மெத்தை தட்டையாகிக் கட்டில் பலகையோடு ஒட்டிக் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு ராண்ட் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. அழுத்தினால் வெளுக்காத சிவப்புதான் புண்ணின் முதல் படி. இத்தனை வருஷம் நர்ஸாக இருந்த என் வீட்டிலேயே இப்படி ஆனது. வீட்டில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் மெத்தைக்கு முன்னால் பேட்டரி வாங்குங்கள். மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

பண விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆயா அரசின் முதியோர் பென்ஷன் வாங்குகிறார், முழு நேரமும் இன்னொருவர் உதவி தேவை என்றால், அந்தப் பென்ஷனைக் கொடுக்கும் அரசு அமைப்பான சாசாவில் கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அரசு மானியம் பெறும் ஹோமில் இருப்பவருக்கு அது கிடையாது. அரசோடு ஒப்பந்தம் உள்ள ஹோமில் சேர்த்தால் நான்காம் மாதத்திலிருந்து பென்ஷனே கால் பங்காகக் குறைந்துவிடும். அந்தப் பணத்தில் பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் போய்க்கொண்டிருந்தால் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, ஹோம். ஹோமில் விடுவது நம் வழக்கமில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலி வேலை முடிந்து, யாருமற்றுத் தெருவில் நின்ற கிழவர்களுக்காக ஆர்யன் பெனிவலண்ட் ஹோமை டர்பன் இந்தியர்கள் தொடங்கியது 1921-ல். நூறு வருஷத்துக்கு மேலாக இருப்பதை வழக்கமில்லை என்று எப்படிச் சொல்வது?

ஹோமின் பலமே ராத்திரிதான். ஏழு மணிக்கு ஒரு ஷிஃப்ட் போனால் அடுத்தது வந்து நிற்கும், தூங்காத கண்களோடு. நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஆயா இன்று பிதற்றினால் வீட்டில் "வயசாச்சு" என்று விட்டுவிடுவோம். நல்ல சிஸ்டர் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார். ஸ்ட்ரோக் வந்தவருக்கு வெறும் தண்ணீரே புரையேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பது அவருக்குத் தெரியும். டீயைக் கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் நிமிர்த்தி உட்கார வைப்பார்.

ஆனால் எல்லா ஹோமும் அப்படி இல்லை. என் மாமியார் முதலில் இருந்த இடத்தில் ராத்திரி ஒரு வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு கேர்கிவர். மூன்றாம் வாரம் குதிகாலில் புண். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கி விட்டிருந்தால் வந்திருக்காது. அங்கிருந்து மாற்றினோம்.

தனியார் இல்லங்களில் அறை அழகாக இருக்கும், கட்டணம் பென்ஷனுக்கு எட்டாது. அங்கேயும் கேட்க வேண்டியது இதே கேள்விதான்: ராத்திரி எத்தனை பேர்? பகல் நேர மையங்களில் பஜனை, மதியச் சாப்பாடு, இரத்த அழுத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. நடக்க முடிகிற ஆயாவுக்கும் வீட்டில் தனியாகக் கிடக்கும் தாத்தாவுக்கும் அருமையான இடம். படுக்கையில் இருப்பவருக்கு உதவாது.

இன்னொன்று, ஆயாவைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். 2006-ஆம் வருஷத்து முதியோர் சட்டப்படி, சம்மதம் சொல்லும் மனநிலையில் இருப்பவரை அவர் சம்மதமின்றி இல்லத்தில் சேர்க்கவே கூடாது. ஹோமைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், அன்று எல்லா ஹோமும் அழகாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு, ஷிஃப்ட் மாறும்போது போங்கள். மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று வராந்தாவில் நின்று பாருங்கள். அப்புறம் சமையலறைப் பக்கம் போய், புரட்டாசியில் ஆயாவுக்கு மரக்கறி தனிப் பாத்திரத்தில் வருமா என்று கேளுங்கள்.

மொழி விஷயத்தில் நான் நினைத்ததைவிடச் சிக்கல் இருந்தது. மறதி முற்ற முற்ற என் மாமியாருக்கு ஆங்கிலம் போய், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தபோது பேசிய தமிழ் மட்டும் நின்றது. "ஒண்ணுக்குப் போவணும்" என்று கூப்பிட்டது யாருக்கும் புரியாமல், தானே எழப் பார்த்து ஒரு முறை விழுந்தார். மறுநாள் ஒரு தாளில் தண்ணி, வலி, ஒண்ணுக்கு, குளிருது, போதும் என்று ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஸூலுவில் அர்த்தமும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். ராத்திரி ஷிஃப்டுக்கு வந்த ஸூலுப் பெண் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் குனிந்து, "கோகோ, தண்ணி?" என்று கேட்டாள். ஸூலுவில் கோகோ என்றால் பாட்டி. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, குளிருது" என்றார். அவள் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, கம்பளியை எடுத்து வந்து போர்த்தினாள்.