பைசீனிக்: சம்பா வேருக்கு ஒத்துவருமா?

கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினாலும் சிஆர் 1009 சப்1 ரகம் தாக்குப்பிடிப்பது சப்1ஏ மரபணுவால். அது எந்தெந்த மரபணுக்களை ஆட்டுவிக்கிறது என்று வேரின் தனிச்செல் தரவில் (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற அளவு) தேடும் டெல்டா ஆய்வகங்களின் கைக்கு முதலில் வரக்கூடிய இலவச மென்பொருள் பைசீனிக்.

வேலை மூன்று கட்டம். முதலில் ஜிஆர்என்பூஸ்ட்2 என்ற நிரல், எந்தக் காரணியோடு (மற்ற மரபணுக்களை ஆட்டுவிக்கும் புரதம், சப்1ஏ தருவதும் அப்படி ஒன்றுதான்) எந்த மரபணுக்கள் செல்லுக்குச் செல் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கணிக்கும். அடுத்தது, அவற்றின் அருகே அந்தக் காரணி ஒட்டும் குறுகிய டிஎன்ஏ வரிசையான மோட்டிஃப் மிகுந்திருக்கிறதா என்று சலிக்கும். செறிவு மதிப்பெண் 3-க்குக் கீழே என்றால் கழித்துவிடும். மிஞ்சிய கூட்டம் ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு இயங்குகிறது என்று ஏயுசெல் என்ற கடைசிக் கட்டம் அளக்கும்.

சலிப்புதான் இதன் பலம். நெல்லுக்கு இடறுவதும் அங்கேயேதான். இதற்கான ஆயத்த மோட்டிஃப் தரவுத்தளங்கள் மனிதன், எலி, பழ ஈ மூன்றுக்கே. நெல்லுக்கு, ஜாஸ்பர் என்ற பொது மோட்டிஃப் தொகுப்பின் தாவர மோட்டிஃப்களையும் மரபணுக்களின் முன்பகுதி வரிசைகளையும் கொடுத்து நாமே கட்ட வேண்டும். மரபணுவின் அருகே மோட்டிஃப் தேட எலிக்கு வைத்த 10,000 டிஎன்ஏ எழுத்து அகலத்தை அப்படியே எடுக்காதீர்கள். நெல் ஜீனோம் நெருக்கமானது, பக்கத்து மரபணுவின் வாசலும் உள்ளே வந்துவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று. பலரும் ஒப்பிடும் நிப்பான்பரே என்ற ஜப்பானிய நெல் ரகத்தின் ஜீனோமில் சப்1ஏ கிடையவே கிடையாது. சப்1பி, சப்1சி மட்டும். சப்1ஏ-வின் ஆர்என்ஏ வரிசைத் துண்டுகள் இந்த உறவுக்கார மரபணுக்களின் கணக்கில் விழும், அல்லது தொலையும். தேடுகிற நாயகனே பட்டியலில் இல்லாமல் வலைப்பின்னல் அழகாக வந்து நிற்கும்! சப்1ஏ வரிசையைத் தனியே சேர்த்து, காரணிப் பட்டியலிலும் பெயரை எழுதிவிட்டு ஓட்டுங்கள்.

வேர் செல்லைப் பிரிக்கும் செல்லுலேஸ் நொதியே அதிர்ச்சி மரபணுக்களைக் கிளப்பிவிடும். அவை சேர்ந்து ஏறுவதை மென்பொருள் ஒழுங்குமுறை என்று படிக்கும். உட்கருவை மட்டும் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு.

நிறுவும்போது பைதானின் கணக்கு நூலகமான நம்பை 1.24-உம் அதற்கு மேலும் இருந்தால் 'ஆப்ஜெக்ட்' பிழை காட்டி நின்றுவிடும், 1.23 போடுங்கள், இல்லையேல் தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய டாக்கர் பொதி. தற்செயல் தேர்வைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றிப் பத்து முறை ஓட்டி, திரும்பத் திரும்ப வரும் தொடர்புகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வலைப்பின்னலில் காரணியிலிருந்து மரபணுவுக்குப் போகும் அம்புக்குறி எதையும் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அதன் திசை காரணிப் பட்டியலும் மோட்டிஃபும் தந்தது, தரவு தந்ததல்ல. குறும்பட்டியல் எடுக்க இதைத் தாராளமாக நம்பலாம். காரணத்தைக் காட்ட கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் அந்தக் காரணியை முடக்கிய நாற்றும் முடக்காத நாற்றும் ஒரே தொட்டியில் மூழ்க வேண்டும்.