வீட்டு உள்வடிவமைப்பு: முதலில் பென்சிலா, ஸ்கெட்ச்அப்பா?

அறையை முதலில் தாளில் பென்சிலால் வரைந்து பழகுவதா, ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருளிலா? முதலாண்டு மாணவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: பென்சிலோடு ஸ்கேல், வரைதாள், டேப் இருந்தால் போதும். ஸ்கெட்ச்அப்பின் இணையப் பதிப்பு இலவசம்தான், ஆனால் ஓரளவு நல்ல லேப்டாப் வேண்டும்.

அளவு உணர்வு: சந்தேகமே இல்லை, பென்சில். 1:50 அளவில் 3 மீட்டர் சுவர் 6 செ.மீ. கோடாகும். 10க்கு 12 அடி படுக்கையறையில், 5 அடி அகலக் கட்டிலை 10 அடிச் சுவரின் நடுவில் போட்டால் இருபுறமும் இரண்டரை அடிதான் மிச்சம். கையால் வரையும்போதே அது உறைக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அதே அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும்!

திருத்தம்: ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழியும், திரையில் ஒரு கிளிக்.

சரி, எது யாருக்கு? இடவசதியும் நடைவழியும் பழக வேண்டுமானால் பென்சில். சுவர் நிறத்தை வீட்டுக்காரரிடம் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டுமானால் ஸ்கெட்ச்அப்.