சம்மாந்துறை ஆலையில் ஜெனரேட்டர் ஒத்திசைவு: சேவை குறித்த மதிப்பீடு

சம்மாந்துறையிலுள்ள எமது அரிசி ஆலையின் ஜெனரேட்டரை 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மூன்று பேஸ் பொது மின்சாரத்துடன் ஒத்திசைத்து (இரண்டின் மின்னலைகளும் ஒன்றாக ஏறியிறங்கச் செய்து) இணைக்கும் பணியைக் கல்முனையைச் சேர்ந்த மின்வேலைக் குழுவொன்றிடம் ஒப்படைத்தோம். இரண்டையும் இணைக்கும் சுவிட்சான பிரேக்கரின் இருபுறத்துக்கும் இடையே பேஸ் ஒன்றுக்கு இரண்டு 230 வோல்ட் பல்புகளைத் தொடராகக் கட்டினார்கள். இருபுறமும் ஒத்திசையாதபோது எழும் மின்னழுத்த வேறுபாட்டை ஒற்றைப் பல்பு தாங்காது. மூன்று சோடிகளும் ஒன்றாக மங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தணைந்ததைக் கண்டதும், பேஸ் வரிசை (மூன்று பேஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் தொடும் ஒழுங்கு) மாறியிருப்பதை உணர்ந்து, எஞ்சினை நிறுத்தி இரண்டு வயர்களை இடம் மாற்றினார்கள். அப்படியே இணைத்திருந்தால் ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரின் சுருள்கள் சேதமடைந்திருக்கும். பின்னர் வோல்டேஜைச் சமப்படுத்தி, ஒத்திசைவைக் காட்டும் கருவியான சிங்க்ரோஸ்கோப்பின் முள் மெதுவாக வலஞ்சுழியாகப் பன்னிரண்டு மணி நிலையை நெருங்கியபோது பிரேக்கரைப் போட்டார்கள், அதிர்வே தெரியவில்லை. மின்வெட்டில் இணைப்பு தானாகப் பிரிவதையும் சோதித்துக் காட்டினார்கள். பிரியாவிட்டால் ஜெனரேட்டரின் மின்சாரம் வெளி லைனுக்குப் போகும் என்பதால், அங்கே வேலை செய்பவர்களின் உயிர் அதில்தான் இருக்கிறது. வருவதற்கு இரண்டு நாள் தாமதித்தது மட்டுமே குறை.