மலையேறி வரும் ஹார்டு டிஸ்க்: யாரிடம் வாங்குவது?

கோத்தகிரியில் இருந்துகொண்டு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்க நான்கு வழிகள் இருக்கின்றன. இணையச் சந்தையில் எல்லாரையும்விட விலை குறைத்துப் போட்டிருக்கும் ஒருவரிடம் வாங்கலாம். அதே சந்தையில், தயாரிப்பு நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரைத் தேடிப் பிடிக்கலாம். பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போகலாம். அல்லது நம்மூர்க் கம்ப்யூட்டர் கடையில் சொல்லிவைக்கலாம். புகைப்படத் தொழிலில் இருப்பதால் நான்கு வழியிலும் வாங்கியிருக்கிறேன். முதல் வழியில் வாங்கியது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

உள்ளங்கை அகலமுள்ள வெளிப்புற எஸ்எஸ்டி அது, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சில்லில் தரவைச் சேமிக்கும் டிஸ்க். மேலே 2 டிபி, அதாவது இரண்டாயிரம் ஜிபி, என்று அச்சிட்டிருந்தது. பெயர் பெற்ற நிறுவனங்களின் பொருள் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்ற நேரத்தில் 1,600 ரூபாய்க்கு வீடு தேடி வந்தது. கணினியில் செருகியதும் 1.95 டிபி இருப்பதாகக் காட்டியது. பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழாவின்போது எடுத்த படங்களை அதில் ஏற்றிவிட்டு, அடுத்த வேலைக்காகக் கேமரா கார்டுகளை அழித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு குடும்பத்தார் வந்து, வெள்ளை உடையில் நின்ற தங்கள் பாட்டியின் படத்தைக் கேட்டார்கள். பட்டியலில் படத்தின் பெயர் இருந்தது, அளவும் இருந்தது. திறந்தால் சாம்பல் நிறக் கட்டம். முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள் திறந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

கத்தியால் மூடியை நெம்பிப் பார்த்தேன். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, அதைத் தாங்கும் சிறிய பலகை, எடை காட்டுவதற்காகப் பசையால் ஒட்டிய இரும்புத் தகடு. கார்டின் உண்மையான கொள்ளளவு 64 ஜிபி. அதைக் கட்டுப்படுத்தும் சில்லில் மாற்றம் செய்து 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருந்தார்கள். கணினி அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்த பிறகு வரும் தரவை அது விழுங்கிவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதிவிடும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் முழுதாக இருக்கும். வாங்கிய அன்று ஒருவருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் இதுதான்.

அன்றைக்கே ஓர் எண் என்னை எச்சரித்திருக்க வேண்டும். உண்மையான 2 டிபி, விண்டோஸில் 1.81 டிபி என்றுதான் தெரியும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் இது. 1.95 என்று வந்தால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் திரையில் அதிக வேற்றுமை தெரியாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. “இணையத்தளமே நேரடியாக விற்பதை மட்டும் வாங்கு” என்ற அறிவுரை வெளிநாடுகளில் செல்லும். இங்கே செல்லாது. அந்நிய முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் இணையச் சந்தைகள் தம் சொந்தச் சரக்கை நமக்கு விற்கக் கூடாது. எந்தப் பொருளுக்கும் பின்னால் தனியாக ஒரு விற்பனையாளர் இருப்பார். ஒரே பொருளின் பக்கத்தில் பத்துப் பேர் விற்பார்கள். அங்கே இருக்கும் நட்சத்திரங்களும் பாராட்டுகளும் பொருளுக்கு உரியவை, இன்று உங்களுக்கு அனுப்பப்போகிறவருக்கு உரியவை அல்ல. என் 643217 பின்கோடுக்கு ஒரு பெயரும், கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கையின் பின்கோடுக்கு வேறொரு பெயரும் வந்ததைக் கண்டிருக்கிறேன். ஆகவே நான் சந்தையில் தேடத் தொடங்குவதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் இந்தியத் தளத்துக்குப் போய், எங்கே வாங்கலாம் என்று அவர்கள் கொடுத்திருக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயருடன்தான் சந்தைக்குள் நுழைகிறேன். பணம் கட்டும் முன் கடைசியாக ஒருமுறை விற்பவர் பெயரைப் படிக்கிறேன். இடையில் மாறியிருந்தால் வாங்குவதில்லை. விலை கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதல் தொகையை நான் மறுபேச்சின்றிக் கொடுக்கிறேன்.

அதற்காக இரண்டாம் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் சீகேட் நிறுவனத்தின் ஹார்டு டிஸ்க்குகள் சிலவற்றில் ஒரு மோசடி வெளிப்பட்டது. 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடித் தேய்ந்த டிஸ்க்குகளின் ஓட்டக் கணக்கைச் சுழியமாக்கிப் புதியவை என்று விற்றிருந்தார்கள். நல்ல பெயருள்ள கடைகளில் வாங்கியவர்களும் அதில் சிக்கினார்கள். வழக்கமான கணக்கை அழித்தவர்கள், டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற பெயரில் இருக்கும் இன்னொரு பதிவேட்டை அழிக்காமல் விட்டதால்தான் பிடிபட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளால் அதைப் படிக்க முடியும். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

அதனால் யாரிடம் வாங்கினாலும் சோதனை உண்டு. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3: இரண்டும் இலவசம். காலி இடம் முழுவதையும் நிரப்பி எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபியை எழுதவே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். படிக்கவும் அவ்வளவு நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால், பேட்டரி நன்றாக இருக்கும் மடிக்கணினியில்தான் ஓட்டுகிறேன். இதைப் பொருள் வந்த அன்றே தொடங்க வேண்டும். திருப்பி அனுப்பும் அவகாசம் பெட்டியை நீங்கள் திறக்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, கையில் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. கணினிப் பொருள்களுக்கு அது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். ஒரு நவம்பரில் மண்சரிவால் மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள். “அண்ணா, வண்டி மேலே வரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம்” என்று டெலிவரித் தம்பி நான்கு நாள் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் மாற்றுப் பொருளும் இதே பாதையில்தான் ஏறி வர வேண்டும் என்பதால், மலையில் நாம் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

கோயம்புத்தூருக்குக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகச் சுமார் எழுபது கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துக் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் காந்திபுரம் போய்த் திரும்பினால் ஒரு நாள் வேலை போய்விடும். பென்டிரைவுக்காக யாரும் அப்படிப் போகத் தேவையில்லை. கிராபிக்ஸ் கார்டு, பிராசசர் போன்றவற்றுக்குப் போகலாம் என்பது என் கருத்து. பழைய தலைமுறை கார்டின் உள்மென்பொருளை மாற்றிப் புதிய மாடலின் பெயரைச் சொல்லவைப்பது நெடுநாளாக நடக்கிறது. ஜிபியு-இசட் என்ற சிறிய மென்பொருள் 2018 முதல் அப்படிப்பட்ட போலி என்விடியா கார்டுகளை அடையாளம் காட்டுகிறது. கடைக்காரர் முன்னிலையிலேயே அதை ஓட்டிப் பார்த்துவிடலாம். 2017இல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர் பெட்டியை இணையத்தில் வாங்கிப் பிரித்தவர்களுக்கு உள்ளே இன்டெல் நிறுவனத்தின் மலிவான செலரான் பிராசசர் இருந்த கதையும் உண்டு. மேசைமேல் வைத்துச் சீல் உடைக்கும் கடையில் அது நடக்க வழியில்லை.

கடையின் இன்னொரு பெரிய பலம் பில். நல்ல கடையில் சீரியல் எண்ணைப் பில்லிலேயே எழுதித் தருகிறார்கள். பெட்டியில் ஓர் எண், பொருளில் ஓர் எண், பில்லில் ஓர் எண்: மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே கைபேசியில் நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். வேறு நாட்டுக்கு அனுப்பிய சரக்காக இருந்தால் இந்தியாவில் வாரண்டி கிடைக்காமல் போகலாம். அதுவும் அங்கே தெரிந்துவிடும். “பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்ற பேச்சு எழுந்தால் நான் வாங்காமல் வெளியே வந்துவிடுகிறேன். அந்தக் கடைக்கும் முதல் வழிக்கும் பிறகு என்ன வேறுபாடு?

நம்மூர்க் கடையில் சரக்கு குறைவு. கேட்டதை இரண்டு நாளில் வரவழைத்துத் தருவார்கள். சில நேரம் அவர்களே இணையத்தில்தான் வாங்குகிறார்கள். எஸ்எஸ்டிக்கு நான் அங்கே போவதில்லை. மடிக்கணினிச் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் அங்கேதான் போவேன், ஏனென்றால் என் கணினியிலேயே மாட்டிக் காட்டுவார்கள், சூடேறினால் மறுநாள் போய் நிற்கலாம். போலிச் சார்ஜர் தரவோடு நிற்பதில்லை, வீட்டையே எரித்துவிடும். சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் தயாரிப்பாளர் பெயர் வரும். கடைக்காரர் எதிரிலேயே அடித்துப் பாருங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் இணையத்துக்கு ஒரு சாதகம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, போலிப் பொருளைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் நடக்காவிட்டால், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகமண்டலத்தில் இருக்கும் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

இழுப்பறையில் கிடக்கும் அந்த எஸ்எஸ்டிக்காக நான் அதைச் செய்யவில்லை. பெட்டியைக் குப்பையில் போட்டிருந்தேன், பில்லை இறக்கி வைத்துக்கொள்ளவில்லை, பிரித்ததைப் படம் பிடிக்கவில்லை. விற்றவரின் பக்கமும் காணாமல் போயிருந்தது. இப்போது வாங்கும் ஒவ்வொன்றுக்கும் பெட்டி, பில், பிரிக்கும்போது எடுத்த வீடியோ மூன்றையும் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கிறேன்.