ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ்: பழுதுபார்க்கும் மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

கிட்டாருக்கான வால்வு ஆம்ப் வாங்குபவர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பவர் வால்வுகளை மாற்றிப் புதிதாக பயாஸ் (வாசிக்காதபோதும் வால்வு வழியே ஓடும் மின்னோட்டத்தின் அளவு) வைக்கும் வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். ஆனால் மதிப்புரைகள் பெரும்பாலும் ஒலியோடு நின்றுவிடுகின்றன. எனவே 1990களின் நடுப்பகுதியில் வெளிவந்து நான்காம் பதிப்பு வரை வந்துவிட்ட ஃபெண்டர் நிறுவனத்தின் ஹாட் ராட் டீலக்ஸ் ஆம்பை, அதைத் திறந்து வேலை செய்பவரின் கண்ணோட்டத்தில் இங்கே மதிப்பிடுகிறேன். 40 வாட், இரண்டு 6எல்6 பவர் வால்வுகள், மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகள், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர்: இதன் கிளீன் சேனல் (சிதைவில்லாத ஒலி தருவது) நன்றாக இருக்கும் என்பதை வாசித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள், அதற்கு மேல் ஒலியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

பயாஸ் விஷயத்தில் இந்த ஆம்ப் தாராளமானது. இதே நிறுவனத்தின் சிறிய ஆம்பான ப்ளூஸ் ஜூனியரில் பயாஸைத் திருகி மாற்ற வழியே இல்லை. ரெசிஸ்டரை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ஹாட் ராட் டீலக்ஸில் பின்பக்கத்து மேல் பலகையைக் கழற்றினால் போர்டில் திருகிச் சரிசெய்யும் ஒரு சிறு பிரிசெட்டும், டிபி30 என்று அச்சிடப்பட்ட அளவுப் புள்ளியும் கிடைக்கின்றன. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸிலும் சிவப்பு முனையை டிபி30-இலும் வைத்து, வால்யூமை முழுவதும் குறைத்து, ஸ்டாண்ட்பையிலிருந்து எடுத்துவிட்டு, அளவு 60 மில்லிவோல்ட் வரும் வரை பிரிசெட்டைத் திருக வேண்டும் என்பது நிறுவனம் தரும் வழிமுறை. இரு வால்வுகளின் கேதோடுகளும் (மின்னோட்டம் தரைக்குச் செல்லும் முனைகள்) ஒரே 1 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரையோடு இணைவதால், மீட்டரில் தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைக் குறிக்கிறது. கணக்கு போடக் காகிதம்கூடத் தேவையில்லை.

குறையும் இந்த வசதிக்குள்ளேயே இருக்கிறது. 60 என்பது இரு வால்வுகளின் கூட்டுத்தொகை. ஒரு வால்வு 20, மற்றொன்று 40 மில்லிஆம்பியர் இழுத்தாலும் மீட்டர் அதே 60-ஐத்தான் காட்டும். வேலை முடிந்தது என்று நாமும் மூடிவிடுவோம். எனவே இந்த ஆம்புக்கு மேட்ச் செய்த (சம அளவு மின்னோட்டம் இழுக்கும்) ஜோடி வால்வுகளைத்தான் வாங்க வேண்டும். ஐயம் இருந்தால், வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே செருகும் பயாஸ் புரோபைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளப்பது நல்லது. அடுத்ததாக, 60 என்ற அளவே சற்றுக் குளிர்ச்சியானது, அதாவது மின்னோட்டம் குறைவு. வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற தகட்டில் ஏறத்தாழ 420 வோல்ட் இருக்கையில் ஒரு வால்வுக்கு 30 மில்லிஆம்பியர் என்றால் 12.6 வாட் ஆகிறது. 6எல்6ஜிசி வால்வின் உச்ச அளவு 30 வாட். மெதுவாக வாசிக்கும்போது ஒரு சுரம் தேய்ந்து மறையும் இடத்தில் லேசான கரகரப்பு கேட்குமானால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் குளிர்ந்த பயாஸ்தான். கூட்டுத்தொகையை 68 அல்லது 70-க்கு உயர்த்தினால் கரகரப்பு குறைகிறது. வால்வும் உச்ச அளவின் பாதியைக்கூடத் தாண்டுவதில்லை. உச்ச அளவில் 70 சதவீதம் வரை ஏற்றலாம் என்ற பொது விதி ஓர் எல்லைக்கோடு மட்டுமே. அங்கேதான் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. திருகும்போது கண் வால்வின் மீதும் இருக்க வேண்டும்: உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு செந்நிறமாக ஒளிரத் தொடங்கினால் உடனே ஆம்பை அணைத்துவிட வேண்டும்.

பயாஸில் காட்டிய தாராளம் மற்ற பழுதுகளில் இல்லை. பழைய பதிப்புகளில் பரவலாக அறியப்பட்ட பலவீனம், ஆர்78, ஆர்79 என்ற இரண்டு 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்கள். சேனல் மாற்றும் ரிலேக்களுக்கும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் பகுதிக்கும் வேண்டிய 16 வோல்ட் இவற்றின் வழியாகத்தான் வருகிறது. இவை எந்நேரமும் கொதித்துக்கொண்டிருப்பதால் காலப்போக்கில் அவற்றின் கால்களைச் சுற்றி சால்டர் விரிசல் விடுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் காலைச் சுற்றி மெல்லிய கரிய வளையமாகத் தெரியும். ரிவர்ப் நின்றுபோகும், சேனல் மாறாது, அல்லது ஆம்பைத் தட்டினால் மட்டும் வேலை செய்யும். இதை வால்வுக் கோளாறு என்று எண்ணி ஒரு முழு செட் வால்வுக்குச் செலவு செய்பவர்கள் உண்டு. ரெசிஸ்டர்களைக் கழற்றி, போர்டிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்திப் பொருத்தி மறுபடி சால்டர் வைப்பதே உரிய தீர்வு. கூடவே சாம்பல் நிற ஃபில்டர் கண்டென்சர்களின் முனைகளில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சொல்வதற்கு எளிதான இந்த வேலைக்குப் போர்டின் அடிப்பக்கத்தை அடைய வேண்டும். அதற்குச் சேசிஸை வெளியே எடுத்து, எல்லாக் குமிழ்களையும், பொட்டென்ஷியோமீட்டர், ஜாக் ஆகியவற்றின் எல்லா நட்டுகளையும் கழற்ற வேண்டும். வால்வு சாக்கெட்டுகள் தனிப் போர்டில் இருப்பதால் இடையே ஓடும் பட்டை வயர்கள் வளைந்து வளைந்து சால்டர் வைத்த இடத்தில் ஒடியும் அபாயமும் உண்டு. ஒரு பழுதை நீக்கப் போய் மற்றொன்றை உண்டாக்கும் இந்த அமைப்பை எந்த விலைச் சிக்கனத்தாலும் நியாயப்படுத்த முடியாது என்பதே என் கருத்து. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சர்களில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரால் உறுதிசெய்யாமல் கை வைக்கவே கூடாது. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் அரை மணி நேரமாவது ஓடவிட்டு, நன்றாகச் சூடேறிய பின் ரிவர்பையும் சேனல் சுவிட்சையும் சோதியுங்கள். விரிசல் விட்ட சால்டர் பெரும்பாலும் சூட்டில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்பாக இருந்தால் நம் ஊரில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அதன் வெளியீடு கூடினால் பிளேட் மின்னழுத்தமும் கூடும் என்பதால், எந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஆம்ப் ஓடப்போகிறதோ அதிலேயே இணைத்து பயாஸ் வைக்கச் சொல்லுங்கள்.